குழிக்குள் விழுந்த ஒற்றர்: ஹாரா கோட்டை, 1638

1638 மார்ச் மாதத்தில் ஓர் இரவு. ஜப்பானின் கியூஷூ தீவில், ஷிமபாரா தீபகற்பத்தின் கடலோரத்தில் இருக்கிறது ஹாரா கோட்டை. வெளியே அரசுப் படை வளைத்து நிற்கிறது. உள்ளே பசியோடு பல்லாயிரம் பேர். திடீரென்று முற்றுகைப் படையின் துப்பாக்கிகள் முழங்குகின்றன. இரவுத் தாக்குதல் வருகிறது என்று நினைத்துக் கோட்டைக்காரர்கள் தீப்பந்தங்களை அணைக்கிறார்கள். ஆனால் தாக்குதல் எதுவும் வரவில்லை. அந்த இருட்டுக்காகத்தான் சுட்டார்கள்.

சந்தடி அடங்கும்வரை காத்திருந்து, ஐந்து பேர் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். இறங்கிய சற்று நேரத்திலேயே அவர்களில் ஒருவர் பள்ளத்தில் விழுந்தார். சத்தம் கேட்டு மறுபடியும் பந்தங்கள் எரிந்தன. கூட வந்தவர் அவரைக் குழியிலிருந்து தூக்கி விட்டார். ஓடுகிற வழியில் சிலுவை போட்ட கொடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, கல்லடியும் குண்டடியும் பட்டு, எப்படியோ உயிரோடு திரும்பினார்கள். இரண்டு பேருக்குப் பலத்த காயம். நாற்பது நாள் அவதிப்பட்டார்கள் என்கிறது குடும்பக் குறிப்பு.

உலகம் இன்று நிஞ்ஜா என்று அழைப்பது இவர்களைத்தான். கறுப்பு முகமூடி, முதுகில் நேரான வாள், நட்சத்திரம் போன்ற எறிபடை, புகைகுண்டு போட்டு மறைவது என்று நம் மனத்தில் இருக்கும் உருவத்துக்கும் இந்த ஐந்து பேருக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளக்க ஹாரா கோட்டையைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. இதற்கு இரண்டு பக்கத்துச் சாட்சி இருக்கிறது. ஒன்று, முற்றுகைக்கு வந்த ஒற்றர் மொத்தம் பத்துப் பேரில் (அந்த இரவு உள்ளே போனவர்கள் ஐவர்) ஒருவரான உகாய் கன்எமோனின் வம்சத்தினர் பாதுகாத்து எழுதிவைத்த குறிப்பு. இன்னொன்று, முற்றுகைத் தளபதி மட்சுதைரா நொபுட்சுனாவின் மூத்த மகன் தெருட்சுனா எழுதிய நாட்குறிப்பு. முதலாவது தன் குடும்பத்தின் பெருமையைச் சொல்ல எழுதப்பட்டது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது போர்க்களத்தில் இருந்த ஓர் அதிகார வீட்டு இளைஞர் எழுதியது. அவருக்கு இந்த ஒற்றர்களைப் புகழ வேண்டிய தேவை இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் உருவம் தெளிகிறது.

யார் இந்தப் பத்துப் பேர்?

இவர்கள் கோகாவைச் சேர்ந்தவர்கள். பழைய ஓமி நாட்டின் தெற்கு மூலை அது, இன்றைய ஷிகா மாகாணம். மலைக்கு அந்தப் பக்கம் இகா, இன்றைய மியே மாகாணத்தின் மேற்குப் பகுதி. நிஞ்ஜா என்றதும் ஜப்பானியர் சொல்லும் இரண்டு ஊர்ப்பெயர்கள் இவை. இரண்டும் மலைகளுக்கு நடுவே சிறுசிறு பள்ளத்தாக்குகளாகக் கிடக்கும் நிலம். கியோட்டோவும் நாராவும் நடந்துபோகிற தூரம். தலைநகரத்துச் செய்தி காதில் விழும், ஆனால் தலைநகரத்துப் படை எளிதில் நுழைய முடியாது. பெரிய பிரபு யாரும் இங்கே நிலைக்கவில்லை. கொஞ்சம் நிலமும் மண்சுவர் வைத்த கோட்டை வீடும் உள்ள சிறு குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. விதைப்புக் காலத்தில் உழவு, சண்டை வந்தால் ஆயுதம். ஒரே குடிப்பெயர் கொண்டவர்கள் கூட்டாகச் சேர்ந்து, பொது விவகாரங்களைக் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

இகாவின் கூட்டமைப்பு 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதிகள் இன்றும் கிடைக்கின்றன. மொத்தம் 11 விதிகள். வெளியூர்ப் படை நுழைந்தால் ஊர்தோறும் மணி அடிக்க வேண்டும். 17 வயது முதல் 50 வயது வரை உள்ள ஆண்கள் போருக்கு வர வேண்டும். எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் சாதாரணக் குடியானவனுக்குச் சாமுராய் தகுதி கொடுக்கப்படும். நிஞ்ஜாவின் பிறப்பைத் தேடுகிறவர்கள் ரகசிய மடங்களையும் மந்திரங்களையும் விட்டுவிட்டு முதலில் இந்த விதிகளைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சின்ன ஊர், குறைந்த ஆள், பக்கத்தில் பெரிய எதிரி. அப்படிப்பட்டவர்கள் நேருக்கு நேர் நின்று சண்டை போட மாட்டார்கள். இரவில் போவார்கள், தீ வைப்பார்கள், வேவு பார்ப்பார்கள், காட்டுக்குள் மறைவார்கள்.

1487இல் அதைச் செய்தும் காட்டினார்கள். அஷிககா வம்சத்து ஷோகன் (நாட்டின் ராணுவ ஆட்சியாளர்) யோஷிஹிசா, தனக்கு அடங்காத ஓமிப் பிரபு ரொக்ககு தகயோரியை அடக்க ஓமிக்குப் படையெடுத்தார். ரொக்ககு கோகா மலைக்குள் பின்வாங்க, கோகாக்காரர்கள் மகரி என்ற இடத்தில் இருந்த ஷோகனின் பாசறையை இரவில் தாக்கினார்கள். போர் முடியாமல் இழுத்தது. 1489இல் யோஷிஹிசா அந்தப் பாசறையிலேயே நோயில் இறந்தார். கோகாவின் பேர் நாடெங்கும் பரவியது அதிலிருந்துதான்.

அதற்கு முன்பே இந்தத் தொழில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டுப் போர்க்காவியம் ஒன்றில், யவதா மலையில் உள்ள ஹச்சிமன் கோயிலுக்கு இரவில் தீ வைக்கத் தேர்ந்த ஆள் ஒருவரை அனுப்பிய செய்தி வருகிறது. அவரைக் குறிக்க வரும் சொல் ஷினோபி. பதுங்கிச் செல்பவர், பொறுத்திருப்பவர் என்ற பொருள்கள் அதற்குள் இருக்கின்றன. நாகசாகியில் இருந்த ஏசு சபையினர் 1603இல் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துக்கீசிய அகராதியிலும் ஷினோபி என்ற சொல் இருக்கிறது. போர்க்காலத்தில் இரவில் கோட்டைக்குள்ளோ பாசறைக்குள்ளோ பதுங்கி நுழைந்து உளவறியும் ஆள் என்று அதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு பெயர்களும் உண்டு: ரப்பா, சுப்பா, குசா. குசா என்றால் புல். புல்லில் படுத்துக் கிடப்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். நிஞ்ஜா என்பது ஷினோபியை எழுதும் அதே எழுத்துக்களைச் சீன ஒலிப்பில் வாசிப்பது. அது வீட்டுச் சொல்லாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஹாரா கோட்டைக்குப் போன பத்துப் பேரிடம் நீங்கள் நிஞ்ஜாவா என்று கேட்டிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அவர்கள் தங்களைச் சாமுராய் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாமுராயும் நிஞ்ஜாவும் பரம விரோதிகள் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது. மானத்துக்காக வெளிச்சத்தில் சண்டை போடுகிறவன் சாமுராய், கூலிக்காக இருட்டில் கொல்கிற தாழ்ந்தவன் நிஞ்ஜா என்று இரண்டு சாதியைப்போலப் பிரித்துவிட்டார்கள். பத்துப் பேரின் பெயர்களைப் பாருங்கள்: மொச்சிசுகி, அகுதகாவா, யமனகா, பான், நட்சுமி, இவனே, உகாய். எல்லாம் நிலமும் குடிப்பெயரும் இருந்த கோகா வீடுகள். ஷினோபி என்பது பிறப்பைக் குறிக்கவில்லை, வேலையைக் குறித்தது. ஒரே ஆள் காலையில் ஈட்டி பிடிப்பார், இரவில் வேவுக்குப் போவார்.

ஹட்டோரி ஹன்சோவும் இந்தக் குழப்பத்துக்குள் மாட்டிக்கொண்டவர். நிஞ்ஜாக்களின் தலைவன் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஹட்டோரி மசனாரி 1542இல் மிகாவாவில் பிறந்தவர். அப்பா இகாவிலிருந்து வந்தவர். இவர், பிற்பாடு ஷோகன் ஆன தொகுகவா இயெயசுவின் படைத்தலைவர், ஈட்டி வீரர். 1582இல் ஹொன்னோஜி கோயிலில் போர்ப்பிரபு ஓதா நொபுனகா தாக்கப்பட்டு இறந்தபோது இயெயசு சில ஆட்களோடு சகாய் நகரத்தில் மாட்டிக்கொண்டார். இகா மலைவழியே தப்பி, கடற்கரை சேர்ந்து, படகேறித் தன் நாடான மிகாவா திரும்பினார். அந்தப் பயணத்தில் ஹன்சோவின் இகாத் தொடர்பும் இகா, கோகா ஆட்களின் துணையும் உதவின. அப்புறம் இகாக்காரர்கள் அவர் தலைமையில் சேவைக்கு எடுக்கப்பட்டார்கள். அவர் பெயர் தாங்கிய ஹன்சோமோன் வாயில் தோக்கியோ அரண்மனையில் இன்றும் இருக்கிறது. இவ்வளவுதான் வரலாறு. மந்திரவாதி ஹன்சோவைப் பின்னால் வந்த கதைகள் படைத்தன.

கோகாவின் கதை அப்படிப் பாதுகாப்பாக முடியவில்லை. 1579இல் நொபுனகாவின் மகன் நொபுகட்சு இகாவுக்குள் நுழைந்து தோற்றுத் திரும்பினார். 1581இல் நொபுனகாவே பல வழிகளில் பெரும்படை அனுப்பி இகாவை எரித்து அடக்கினார். கோகா முன்பே நொபுனகாவுக்குப் பணிந்திருந்ததால் அப்போது தப்பியது. ஆனால் 1585இல், நொபுனகாவுக்குப் பின் ஆட்சியைப் பிடித்த தொயோதோமி ஹிதெயோஷி கோகா வீடுகள் பலவற்றின் நிலத்தைப் பறித்தார். ஒரு பகுதியினர் பிறகு தொகுகவா அரசில் காவல் வேலைக்குச் சேர்ந்து எதோ நகருக்கு (இன்றைய தோக்கியோ) போனார்கள். ஊரிலேயே தங்கியவர்களிடம் இருந்தது பழைய பெருமையும் கொஞ்சம் உழவும்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே போயிற்று. ஹாரா கோட்டை இவர்கள் வாழ்க்கையில் ஒரு வேலை வாய்ப்பாக வந்தது.

கோட்டைக்குள் என்ன செய்தார்கள்?

ஷிமபாராவிலும் பக்கத்து அமகுசா தீவுகளிலும் 1637 கடைசியில் கிளர்ச்சி வெடித்தது. பஞ்சத்தின் நடுவிலும் பிரபு மட்சுகுரா கட்சுஇயே வரியைக் கறந்துகொண்டிருந்தார். கிறித்தவர்கள் மீதான கொடுமை ஒருபக்கம். குடியானவர்களும் எஜமானை இழந்த சாமுராய்களும் சேர்ந்து, பதின்ம வயதுப் பையனான அமகுசா ஷிரோவைத் தலைவனாக ஏற்று, பழைய ஹாரா கோட்டைக்குள் புகுந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 37,000 பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அடக்க வந்த இதகுரா ஷிகெமசா, ஜப்பானியப் புத்தாண்டு நாளன்று நடத்திய தாக்குதலில் தானே கொல்லப்பட்டார். அடுத்துப் பொறுப்பேற்றவர் நொபுட்சுனா. அவசரப்படாமல் பட்டினி போட்டு வெல்லும் முடிவுக்கு வந்தவர் அவர். முற்றுகைப் படை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அவர் எதோவிலிருந்து வரும் வழியில், தொகைதோ நெடுஞ்சாலையில் உள்ள மினகுச்சியில் கோகாக்காரர்கள் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டினார்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். இருபதுகளில் இருந்த இளைஞர்களும் அதில் உண்டு, அறுபதைத் தொட்ட பெரியவர்களும் உண்டு. திரையில் வரும் நிஞ்ஜாவுக்கு வயதே ஆவதில்லை. இங்கே பேரன் எடுக்கும் வயதில் ஒருவர் முற்றுகைக்களத்துக்கு நடந்து வருகிறார்.

அவர்களுக்குத் தரப்பட்ட முதல் வேலை கொலை அல்ல, அளவெடுப்பது. அகழியிலிருந்து இரண்டாம் மதில் எவ்வளவு தூரம், அகழி எவ்வளவு ஆழம், வழி எப்படி இருக்கிறது, சுவர் எவ்வளவு உயரம், துப்பாக்கித் துளைகள் எந்த வடிவம். இரவில் போய்ப் பார்த்து வந்தார்கள், வரைபடம் தயாரானது. அது ஷோகன் இயெமிட்சுவின் பார்வைக்கு எதோவுக்கே அனுப்பப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் அவர்கள் செய்த மிக மதிப்பான வேலை இதுதான். இதற்கு வாளும் தேவைப்படவில்லை, எறிபடையும் தேவைப்படவில்லை. இருட்டில் காலடி எண்ணத் தெரிய வேண்டும், பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவே.

அடுத்தது உணவு. கோட்டைக்காரர்களின் உணவு மூட்டைகள் பதின்மூன்றைத் திருடிக்கொண்டு வந்தார்கள். பட்டினியால் வெல்ல நினைக்கும் தளபதிக்கு அந்த மூட்டைகள் சரக்கு மட்டுமல்ல, செய்தியும்கூட: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று அவற்றைப் பார்த்துக் கணிக்கலாம். பிற்பாடு கோட்டைக்காரர்கள் வெளியே வந்து தாக்கித் தோற்றபோது, இறந்தவர்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, கடற்பாசியும் பார்லியும்தான் இருந்தன என்று குறித்திருக்கிறார்கள். படிக்கவே மனம் பதறுகிறது. அந்தக் கொடிய கணக்கின் இன்னொரு பகுதிதான் ஒற்றர்கள் கொண்டுவந்த மூட்டைகள்.

கோட்டைக்குள் புழங்கிய அடையாளச் சொற்களையும் கேட்டு வந்தார்கள். அப்புறம்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த இரவு. அனுப்பும்போதே, உங்களில் பெரும்பாலோர் திரும்ப மாட்டீர்கள் என்ற அர்த்தத்தில் நொபுட்சுனா பேசியதாக உகாய் வீட்டுக் குறிப்பு சொல்கிறது. மொச்சிசுகி யோஎமோனும் அகுதகாவா ஷிச்சிரோபெயும்தான் அடிபட்டவர்கள்.

எங்கே தோற்றார்கள்?

தெருட்சுனாவின் நாட்குறிப்பு இவர்களைப் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறது. ஓமியிலிருந்து வந்த கோகா ஆட்கள் உருவை மறைத்துக்கொண்டு இரவுதோறும் கோட்டையை நெருங்கினார்கள் என்பது ஒன்று. மேற்குப் பகுதிப் பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை, கிறித்தவ வழிபாட்டுச் சொற்களும் தெரியவில்லை, அதனால் உள்ளே இருப்பவர்களோடு கலக்க முடியவில்லை என்பது இன்னொன்று. ஒரு தடவை அடையாளம் தெரிந்துபோய்க் கல்லெறிந்து துரத்தப்பட்டார்கள்.

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். சுவரும் அகழியும் இவர்களைத் தடுக்கவில்லை, மொழி தடுத்தது. நடு ஜப்பானின் மலைப் பேச்சுக்கும் கியூஷூக் குடியானவர் பேச்சுக்கும் அவ்வளவு தூரம். அதுவும் உள்ளே இருந்தவர்கள் சேர்ந்து ஜெபம் சொல்பவர்கள். ஜெபத்தில் வாய் அசைக்கத் தெரியாதவன் அடுத்த நிமிடமே அந்நியன் ஆகிவிடுவான். ஷினோபியின் உண்மையான திறமை மாறுவேடமும் பேச்சும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எதிர்மறைச் சான்று வேண்டாம்.

பிற்காலக் கைநூல்களும் அதையேதான் வலியுறுத்துகின்றன. கிஷூ நாட்டின் நதோரி மசசுமி 1681இல் எழுதிய ஷோனிங்கி ஏழு வேடங்களைப் பட்டியலிடுகிறது: கூடை போன்ற தொப்பியால் முகம் மறைத்துக் குழலூதும் துறவி, பௌத்தத் துறவி, யமபுஷி என்னும் மலைத் துறவி, வியாபாரி, தெருவில் வித்தை காட்டுபவர், சருககு என்னும் பழைய நாடகத்தின் கூத்தாடி, சாதாரண ஆள். ஏழாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் திரும்பிப் பார்க்காத ஆளாக இருப்பது. அதே நூல் சொல்லும் ஆறு கருவிகளும் அப்படித்தான்: கோரைத் தொப்பி, கொக்கிக் கயிறு, எழுதும் கல், மருந்து, மூன்று அடித் துணி, தீமூட்டும் மூங்கில் துண்டு. யார் மடியில் இருந்தாலும் சந்தேகம் வராத பொருள்கள். இதில் எறி நட்சத்திரம் இல்லை. எறிகத்தி என்பது போர்க்கலைப் பள்ளிகளில் பலரும் கற்றது, ஒற்றர்களுக்கு மட்டும் உரிய அடையாளமாக அதை மாற்றியது பிற்காலம். மருந்து இந்தப் பட்டியலில் இருப்பதற்கும் காரணம் உண்டு. கோகா மலைகள் யமபுஷிகளும் மூலிகை மருந்தும் நிறைந்தவை. மருந்து விற்கிறேன் என்று சொன்னால் எந்த ஊருக்குள்ளும் போகலாம். கோகாவில் மருந்துத் தொழில் இன்றும் நடக்கிறது.

கறுப்புடைக்கும் இதே விளக்கம்தான். பகலில் கறுப்பு முகமூடியோடு போகிறவன் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறான். இரவு வேலைக்குக் கருநீலம், பழுப்பு போன்ற, உழவர்கள் உடுத்துகிற நிறங்களே போதும். கபுகி நாடகத்தில் மேடைப் பணியாளர்கள் முழுக்கக் கறுப்பு அணிவார்கள். அவர்களைக் கண்ணில் படாதவர்களாகப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொள்வது வழக்கம். அந்த மேடை மரபிலிருந்து நிஞ்ஜாவின் உடை வந்தது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. எப்படியானாலும் 1817இல் வெளிவந்த ஹொகுசாயின் ஓவியத் தொகுப்பில், கயிற்றில் ஏறும் கறுப்புடை ஆள் வந்துவிட்டார். ஹாரா கோட்டை வீழ்ந்து அப்போது 179 ஆண்டுகள். ஒற்றர்களை நேரில் பார்த்த தலைமுறை எப்போதோ போய்விட்டது, படமும் மேடையும் மட்டும் மிஞ்சின. 1910களில் சிறுவர் கதைப் புத்தகங்கள் சருதோபி சசுகே என்ற மாயாஜால வீரனை வீடுதோறும் கொண்டுபோயின. 1960களில் திரைப்படங்கள் உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

கோட்டைக்குள் இன்னொரு ஒற்றன் இருந்தான், அவன் பெயரில் யாரும் பொம்மை செய்வதில்லை. யமதா எமொசாகு, ஓர் ஓவியர். கிளர்ச்சியாளர்களின் பக்கம் இருந்தவர். அவர் அம்பில் கடிதம் கட்டி முற்றுகைப் படைக்கு எய்து, ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் கோட்டைக்காரர்கள் அவரைச் சிறை வைத்தார்கள். ஏப்ரல் நடுவில் கோட்டை வீழ்ந்து, உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டபோது அவர் உயிர் பிழைத்தார். அந்த ஊர்ப் பேச்சும் தெரியும், ஜெபமும் தெரியும். கோகாவின் பத்துப் பேருக்கு இல்லாதது அவரிடம் இருந்தது. வெளியிலிருந்து நுழைகிற பத்துத் தேர்ந்த ஆளைவிட உள்ளே மனம் மாறிய ஒருவன் ஆபத்தானவன் என்பது ஒற்றர் நூல்களுக்கு நன்றாகவே தெரியும். 1676இல் இகாவின் புஜிபயாஷி தொகுத்த பான்சென்ஷூகை, வேவைப் பற்றிய சீனப் போர்நூல் சிந்தனையை அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்டதுதான்.

அந்தத் தொகுப்பிலேயே நீர்ச்சிலந்தி என்ற மரவளையமும் வருகிறது. காலில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் நடக்கும் கருவியாக அதைக் காட்டுவார்கள். உண்மையில் காலில் மாட்டினால் ஆள் கவிழ்வார். நடுவில் உட்கார்ந்து மிதக்க உதவியிருக்கலாம் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. பெண் நிஞ்ஜா படை என்பதும் இப்படித்தான் ஊதிப் பெருகியது. குனோஇச்சி உத்தி என்று நூலில் ஒரு பகுதி இருக்கிறது, ஆண் நுழைய முடியாத வீட்டுக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு அனுப்பிச் செய்தி பெறுவதைப் பற்றி. பெண்களுக்குச் சண்டைப் பயிற்சி தந்து படை நடத்தியதாக அங்கே இல்லை.

ஹாரா கோட்டை இப்போது இடிபாடு. 2018இல் நாகசாகிப் பகுதியின் மறைகிறித்தவ இடங்களில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். நிஞ்ஜாவின் வீரம் என்று இந்த முற்றுகையைச் சொல்லும்போது, வீரம் யாருக்கு எதிராகக் காட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்த கோகாக்காரர்களுக்கும் எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை. கிளர்ச்சி அடங்கியபின் பெரிய போரே இல்லை. சுவரேறத் தெரிந்தவர்களுக்கு வேலையும் இல்லை. 1667இல் கோகாவின் பழங்குடும்பத்தினர், முன்னோர் செய்த சேவைகளை எடுத்துக்காட்டி, ஷோகன் அரசிடம் வேலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். பலிக்கவில்லை. 1789இல் ஓஹரா கசுமா முதலிய மூன்று பேர் மறுபடி எதோவுக்குப் போனார்கள். இந்த முறை கையில் ஆதாரமாகக் கொண்டுபோனது பான்சென்ஷூகை. வெளியார் கண்ணில் படாமல் வைத்திருந்த கலையை, வேலைக்காக அரசு அலுவலரின் முன் விரித்து வைத்தார்கள். பரிசாகக் கொஞ்சம் வெள்ளி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அவர்கள் கொடுத்த பிரதி இன்று தோக்கியோவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.